கோலத்துக்குப் பக்கத்தில் ஒரு பின்னல் கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஓய்வு பெற்றவர்களுக்கான பொழுதுபோக்குகள் என்று ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது. ஆண்கள் பகுதியில் நடைப்பயிற்சி, மாடித்தோட்டம், செஸ், கோயில் சுற்றுலா. பெண்கள் பகுதியில் தையல், சமையல், பின்னல். பின்னலுக்குக் கீழே பொடி எழுத்தில், ‘குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு ஏற்றது’ என்று ஒரு வரி.

நான் அரசுப் பேருந்தில் 32 வருஷம் நடத்துநராக இருந்துவிட்டு 2022-இல் ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி, இப்போது குடியிருப்பது பாளையங்கோட்டை. எங்கள் ஊர் வெயிலைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வெயிலில்தான் தினமும் இரண்டு மணி நேரம் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் பட்டியலில் எந்த வாசல் வழியாகவும் என்னால் ஏற முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். வெட்டத்தான் வேண்டும் என்றால் நடுவில் வரும் பழங்கதையை வெட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது, அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பின்னலை நான் முதலில் கவனித்துப் பார்த்தது மாஞ்சோலை வண்டியில். தொண்ணூறுகளின் கடைசி. கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு வழியாக மலையேறி மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று போகும் ரூட். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு அம்மா மடியில் துணிப்பையை வைத்திருப்பார். அதற்குள்ளிருந்து சிவப்பு உல்லன் நூல் ஏறி வரும். இரண்டு கையிலும் ஊசி. கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது நிற்கிற கூட்டம் ஒருவர் மேல் ஒருவர் சாயும். நானே கம்பியில் முதுகை முட்டுக்கொடுத்துக்கொண்டுதான் டிக்கெட் கொடுப்பேன். அந்த அம்மாவின் கை நிற்காது. கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும்.

‘என்னம்மா அது?’ என்று ஒருநாள் கேட்டேன்.

‘பேரனுக்குக் குல்லா சார். நாலுமுக்குல இறங்குறதுக்குள்ள காது மறைச்சிரும்’ என்றார்.

நான் ஸ்டேஜ் கணக்கில் தூரத்தை எழுதிக்கொண்டிருந்த அதே வண்டியில் அவர் குல்லாவால் அளந்துகொண்டு வந்திருக்கிறார். அன்று அதை வேடிக்கையாக டிரைவரிடம் சொன்னேன், பிறகு மறந்துபோனேன்.

பாபநாசம் ரூட்டிலும் பல வருஷம் ஓடியிருக்கிறேன். வி.கே.புரம் என்கிற விக்கிரமசிங்கபுரத்தில் ஷிப்டு விட்டு மில்லுக்காரர்கள் ஏறுவார்கள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து அருவித் தண்ணீரின் விசையை நம்பித் தொடங்கிய நூற்பாலை அது. வழியில் வீரவநல்லூரில் தறி, பத்தமடையில் கோரைப்பாய். நூலும் நெசவும் பின்னலுமாக இருந்த ஊர்களுக்குள்தான் என் பிழைப்பு முழுக்க ஓடியிருக்கிறது. எனக்கு அவை ஸ்டாப்பிங் பெயர்கள். விசில் ஊதினேன், வண்டி போய்விட்டது.

ஓய்வு பெற்றதும் கால் நன்றாக ஓய்ந்தது. கைதான் ஓயவில்லை. டம்ளரைத் தட்டும், ஜன்னல் கம்பியைத் தட்டும், பேப்பரின் ஓரத்தைப் பட்டை பட்டையாகக் கிழித்துப் போடும். (மன்னிக்கவும், தங்கள் இதழ்தான்.) ‘முப்பது வருஷம் கிழிச்சது போதும், பேப்பரையாவது முழுசா வையுங்க’ என்று வீட்டுக்காரி சத்தம் போடுவாள்.

எதிர்வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 81. கேஸ் சிலிண்டர் மாற்றிக் கொடுக்கப் போன ஒரு நாள் அவர் வராந்தாவில் பின்னிக்கொண்டிருந்தார். மாஞ்சோலை வண்டி அப்படியே கண்முன் வந்துவிட்டது. எனக்கும் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன்.

‘ஊர்ல இருந்து மக வந்திருக்காளா தம்பி?’

‘இல்ல டீச்சர், எனக்குத்தான்.’

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என் கை இரண்டையும் பார்த்தார். ‘நாளைக்கு நகத்தை வெட்டிட்டு வாங்க. நூல்ல மாட்டும்’ என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

பின்னலில் முதல் கஷ்டம் நூலைப் பிடிப்பது. கைக்கு வந்து சேரும் நூலில் ஒரே அளவு இழுப்பு இருக்க வேண்டும். தளர்ந்தால் கண்ணிகள், அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்கள், தொளதொளவென்று வாயைப் பிளக்கும், இறுகினால் ஊசியே நுழையாது. அதற்காக நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, நடுவில் இருக்கும் இரண்டு விரல்களுக்கு அடியில் விட்டு, ஆள்காட்டி விரலின் மேலாக எடுத்துவருவார்கள். இதற்கே ஒரு வாரம் திணறுவார்கள் என்றார் டீச்சர். எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. பத்து, இருபது, ஐம்பது, நூறு என்று நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் வகை வகையாகச் செருகியே பழகிய கை. கூட்டத்தில் ஒன்று நழுவிவிடவும் கூடாது, வேண்டும்போது ஒற்றை விரலால் தள்ளினால் உருவிக்கொண்டு வரவும் வேண்டும். நூலுக்கும் அதே பிடிதான். இடது கை நோட்டு, வலது கை நூல், அது ஒன்றுதான் வித்தியாசம். டீச்சர் என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

என் பெருமை அந்த ஐந்து நிமிஷத்தோடு முடிந்தது.

டீச்சருடைய பாஷையில் கண்ணியை ஊசிக்குக் கொண்டுவருவது ‘ஏற்றுவது’. கடைசியில் பிரியாமல் கட்டி முடிப்பது ‘அடைப்பது’. இடையில் அடிப்படைக் கண்ணி இரண்டே இரண்டு. நூல் பின்னால் நிற்க, ஊசி முன்னாலிருந்து பின்னுக்கு நுழைந்தால் ‘நேர்’. நூல் முன்னால் நிற்க, ஊசி பின்னாலிருந்து முன்னுக்கு வந்தால் ‘எதிர்’. ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் மற்றது. இரண்டுக்கும் கை செய்யும் வேலை நான்குதான்: நுழை, சுற்று, இழு, இறக்கு. டீச்சர் நாற்காலிக் கையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே சொல்வார், ‘நுழை, சுத்து, இழு, எறக்கு’. இருபது கண்ணி ஏற்றிக் கொடுத்து, கையளவுக்கு ஒரு சதுரம் பின்னிக்கொண்டு வரச் சொன்னார்.

மறுநாள் கொண்டுபோனேன். கீழே இருபது கண்ணி, மேலே இருபத்தேழு. சதுரம் கேட்டால் முறம் வந்திருந்தது. டிக்கெட் வாங்காமல் ஏறிய ஏழு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை. நேரிலிருந்து எதிருக்கு மாறும்போது நூலை இரண்டு ஊசிகளுக்கு நடுவே கொண்டுவர வேண்டும். நான் ஊசிக்கு மேலாகப் போட்டிருக்கிறேன். அந்தச் சுற்று அடுத்த வரிசையில் ஒரு கண்ணியாக உட்கார்ந்துவிடும். ஓரத்துக் கண்ணியும் ஒரு ஏமாற்றுக்காரன். நூலை மேலே தூக்கினால் ஒன்று இரண்டாகத் தெரியும், புதியவர்கள் இரண்டையும் பின்னிவிடுவார்கள். டீச்சர் திட்டவில்லை. அடைத்த முனையை அவிழ்த்து, நூலைப் பிடித்து இழுத்தார். ஒரு நாள் உழைப்பு சரசரவென்று பிரிந்து, அவர் கையில் உருண்டையாகச் சுற்றிக்கொண்டது. முக்கால் நிமிஷம் கூட ஆகவில்லை.

‘நூல் அப்படியேதான் இருக்கு பாத்தீங்களா’ என்று உருண்டையை என் கையில் கொடுத்தார்.

ஒரு மாதம் இதே கதை. பகலில் பின்னுவேன், சாயங்காலம் டீச்சர் பிரிப்பார். வெள்ளைப் பருத்தி நூல் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. தையலில் வெட்டிய துணி வெட்டியதுதான். சமையலில் உப்பு விழுந்தால் விழுந்ததுதான். என் வேலையில் தப்பான டிக்கெட் கிழித்தால் சம்பளத்தில் கை வைப்பார்கள். தப்பு முழுசாகத் திரும்பி நூலாகவே வந்துவிடுகிற வேலையை நான் அறுபது வயதில்தான் பார்த்தேன். அந்த ஒரு மாதத்தில் எனக்குப் பழகிய இன்னொன்று, ஒவ்வொரு வரிசை முடிவிலும் நின்று எண்ணுவது. செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுவதற்கு முன் தலைகளை எண்ணி வைத்துக்கொள்கிற பழைய பயம் இங்கே கைகொடுத்தது.

சதுரம் சதுரமாக வரத் தொடங்கியபின் இன்னொரு கூத்து. ஒரு வரிசை நேர், ஒரு வரிசை எதிர் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் முன்பக்கம் வழவழவென்று அழகாக இருக்கும். ஊசியிலிருந்து எடுத்ததும் இரண்டு ஓரமும் பின்னுக்கு மடங்கி, துணி பீடி மாதிரி சுருண்டுகொண்டது. நான் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். டீச்சர், ‘உங்க பனியனைப் போய்ப் பாருங்க’ என்றார்.

நீங்களும் பாருங்கள், ஆசிரியர் அவர்களே. பனியனின் முன்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சின்னச் சின்ன ஜடை மாதிரி வரிசை வரிசையாகத் தெரியும். உள்பக்கம் குறுக்கே அலை அலையாக இருக்கும். ஊசியில் நான் பின்னியதும் அதுவும் ஒன்றேதான், கண்ணி மட்டும் பொடிசு. பழைய பனியனைக் கத்தரித்தால் ஓரம் சுருள்வதும் இதனால்தான். வேட்டி தறியில் நெய்தது, பாவும் ஊடையும் குறுக்கே நெடுக்கே ஓடுகிறது, இழுத்தால் கொடுக்காது. பனியன் கண்ணிக்குள் கண்ணி கோத்தது, இழுத்தால் கொடுக்கும், விட்டால் திரும்பும். இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் 1589-இல் காலுறை பின்னும் சட்டகம் ஒன்றைச் செய்தார் என்கிறார்கள். திருப்பூரில் இன்று சுற்றிச் சுற்றி ஓடும் எந்திரங்களுக்கு அதுதான் பாட்டன். இத்தனை வருஷம் உடம்பிலேயே பின்னலைப் போட்டுக்கொண்டு, அது குளிர்ப் பிரதேசத்து விஷயம் என்று நானும் நினைத்திருக்கிறேன்.

சுருளாமல் இருக்க வழி உண்டு. எல்லா வரிசையும் நேராகவே பின்னினால் துணி தட்டையாகக் கிடக்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கற்றுக்கொள்கிறவர்கள் இதில் ஒரு பாத்திரம் துடைக்கும் துணி பின்னிவிட்டால் போதும். கொஞ்சம் கோணினாலும் பாத்திரம் கோபித்துக்கொள்ளாது.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். கம்பளி நூல் நம் ஊர் சித்திரையில் கையில் ஒட்டும், உண்மைதான். பருத்தி நூலில் பின்னினால் அந்தத் தொல்லை இல்லை. எகிப்தில் கிடைத்த பழைய கைப்பின்னல் காலுறைகள், இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஆகப் பழைய பின்னல் துணிகளில் சேர்ந்தவை. ஆயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்பின். நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலில் பின்னியவை. எகிப்து எந்த ஊர்க் குளிர்ப் பிரதேசம் என்று தங்கள் கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள். பருத்திக்கு ஒரு குறை உண்டு. கம்பளி மாதிரி அது இழுபட்டுத் திரும்பாது, கை தளர்ந்த இடமெல்லாம் அப்படியே காட்டிக்கொடுக்கும். இன்னொன்று, வியர்த்த கையில் ஸ்டீல் ஊசி வழுக்கி, கண்ணிகள் ஒன்றாக இறங்கி ஓடிவிடும். மூங்கில் ஊசி பிடித்து நிற்கும். எனக்கு மூங்கில் ஊசி உள்ளூரில் கிடைக்கவில்லை. பந்தல் போட்டு மிஞ்சிய மூங்கிலைச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசி இரண்டு ஊசி நானே செய்தேன். 4 மில்லிமீட்டர் கனம் வர நாலு சாயங்காலம் ஆனது. ஒன்று 4-க்குக் கொஞ்சம் கூடுதல். இன்றும் அதில்தான் பின்னுகிறேன்.

முதல் பெரிய வேலை பேரனுக்குக் குல்லா. மார்கழிப் பனிக்குக் குழந்தைகளுக்குத் தலையை மூடுவது நம் ஊரிலும் உண்டுதானே. தலை சுற்றளவு 45 சென்டிமீட்டர். பின்னல் இழுத்துக் கொடுக்கும் என்பதால் 40 போதும், 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி, ஆக 80 கண்ணி என்று கணக்குப் போட்டேன். டீச்சர், ‘முதல்ல ஒரு துண்டு பின்னி அளந்து பாருங்க’ என்றார். ஒரு மாதம் துண்டு பின்னிய கடுப்பில் இருந்தேன், கேட்கவில்லை. என் கையில் 10 சென்டிமீட்டருக்கு 16 கண்ணிதான் விழுகிறது என்பது குல்லா முடிந்தபின் தெரிந்தது. 80 கண்ணி 50 சென்டிமீட்டராகப் படுத்துவிட்டது. பேரன் தலையில் வைத்தால் தோள் வரை இறங்கியது. எனக்குக் கச்சிதமாக இருந்தது. பிரிக்க மனம் வரவில்லை என்று பொய் சொல்லிக்கொண்டு நானே போட்டுக்கொள்கிறேன். அதிகாலையில் பால் வாங்கப் போகும்போது எதிரே வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

இன்னொரு ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், நாலு பேருக்கு உதவும். நூல் உருண்டையில் சுற்றியிருக்கும் காகிதத்தில் நிறத்துக்கு ஒரு எண், சாயத் தொட்டிக்கு ஒரு எண் என்று இரண்டு இருக்கும். ஒரே நிறம்தானே என்று ஒரு கடையில் மூன்று உருண்டை வாங்கி, பற்றாமல் இரண்டு மாதம் கழித்து நாலாவது வாங்கினேன். தொட்டி எண் வேறு. டியூப் லைட்டில் ஒன்றும் தெரியவில்லை, வாசலுக்கு வந்து பார்த்தால் நடுவில் ஒரு பட்டை அடித்தது போலத் தனியாகத் தெரிகிறது. அந்தக் கடைக்காரர் வேறு, ‘வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க சார், இதெல்லாம் அவங்களுக்குத்தான் புரியும்’ என்றார். வீட்டம்மா எனக்கு அதைவிட மேல். அவள் ஒயர் கூடைக்காரி. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் எல்லா முடிச்சும் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். ‘பத்து விரல் இருக்கும்போது ஊசி எதுக்கு?’ என்பது அவள் கட்சி.

டீக்கடையில் பட்டபாடு தனி. என்னோடு பதினொரு வருஷம் ஒரே வண்டியில் ஓடிய டிரைவர் ஒருவர், உவரிக்காரர். பையிலிருந்து ஊசியை எடுத்ததும், ‘என்ன வே கண்டக்டரு, கோட்டி கீட்டி பிடிச்சிட்டா? பொம்பளை வேலை பாக்கீரு’ என்றார்.

‘உம்ம அப்பா கரையில உக்காந்து வலை முடிஞ்சாரே, அது யாரு வேலை வே?’

‘அது தொழில். இது ஊசி.’

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு உண்டு, அதனால் பிரியாது. பின்னலில் முடிச்சே கிடையாது, அதனால்தான் ஒரு முனையை இழுத்தால் மொத்தமும் பிரிகிறது என்று விளக்கினேன். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பின்னல்காரர்களின் சங்கங்கள் ஆண்களுடையதாகத்தான் இருந்திருக்கின்றன. பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரிக்குள் இருக்கும் தாக்கிலே தீவில் இன்றும் குல்லா பின்னுவது ஆண்கள் வேலை. அந்தத் தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005-இல் சிறப்பித்து அறிவித்தது. செல்போனில் அதைக் காட்டினேன். தொப்பி போட்ட அந்த ஆண்களைப் பார்த்துவிட்டு, ‘அவனுக ஊர்ல பஸ் இல்ல போல’ என்றார். இன்னும் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

வெட்டலாம் என்று நான் சொன்ன பழங்கதை இதுதான். டீச்சருடைய ஆச்சி இடையன்குடிப் பக்கம். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்கு லேஸ் வேலை கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்து, அங்கேயும் அதைப் பரப்பினார். கால்டுவெல் என்றால் எல்லோரும் இலக்கணம் பேசுவோம். அந்த வீட்டு அம்மாள் தேரிக்காட்டு ஊரில் எத்தனை பெண்களின் கையில் காசு புழங்க வைத்தார் என்பதை டீச்சர் சொல்லித்தான் கேட்டேன். லேஸ் வேறு, பின்னல் வேறு. லேஸுக்குத் தலையணை மேல் குண்டூசிகளைக் குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய பல நூல்களை ஒன்றன்மேல் ஒன்று மாற்றிப் போட வேண்டும். குரோஷாவுக்கு ஒரே ஒரு கொக்கி ஊசி. பின்னலுக்கு இரண்டு ஊசி, ஒரு நூல். ஆச்சி கையிலிருந்த லேஸ் டீச்சருக்கு வரவில்லை. ‘அம்மா காலத்துலயே விட்டுப்போச்சு தம்பி’ என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது வேண்டுகோளுக்கு வருகிறேன்.

போன மார்கழியில் தங்கள் இதழில் தினம் ஒரு கோலம் போட்டீர்கள். அதில் ஒரு தாமரையை வீட்டுக்காரி வாசலில் போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை. நேர்க்கண்ணியில் தரை, எதிர்க்கண்ணியில் தாமரை. எதிர்க்கண்ணி கொஞ்சம் புடைத்து நிற்கும், ஒரே நிற நூலிலேயே உருவம் தெரியும். அவளை விட்டே கணக்கு நோட்டின் கட்டங்களில் 25-க்கு 25 என்று தாமரையை நிரப்பச் சொன்னேன். ஊசியை எதிர்த்தவள் கட்டம் என்றதும் பென்சிலோடு உட்கார்ந்துவிட்டாள்.

பின்னி முடித்தால் தாமரை வரவில்லை. யாரோ தாமரையின் மேல் உட்கார்ந்து எழுந்தது போல நசுங்கி வந்தது. அகலம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், உயரம் ஒன்பது கூட இல்லை. அப்புறம்தான் புரிந்தது. அதற்குள் என் கை இறுகிப் பழகி 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்ற கணக்குக்கு வந்திருந்தது. ஆனால் அதே 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 28 வரிசை வேண்டியிருக்கிறது. பின்னலில் ஒரு கண்ணி சதுரம் கிடையாது, உயரத்தைவிட அகலம் கூடுதல். அகலத்தில் 5 கட்டம் போனால் உயரத்தில் 7 கட்டம் போக வேண்டும். அதே தாமரையை 25 கட்டம் அகலம், 35 கட்டம் உயரம் என்று இழுத்து வரைந்தாள். தாமரை நிமிர்ந்துவிட்டது.

அந்தத் துணியோடு சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு வீட்டுக்காரியும் வந்தாள். இப்போது அவள் கட்டத்தைப் படிப்பாள், நான் பின்னுவேன். ‘மூணு நேர், ஒண்ணு எதிர், அஞ்சு நேர்…’ அடியிலிருந்து மேலே, முதல் வரிசை அரபு எழுத்தைப் படிப்பது போல வலமிருந்து இடம். துணியைத் திருப்பியதும் அடுத்த வரிசை இடமிருந்து வலம், அதோடு நேர் எல்லாம் எதிர், எதிர் எல்லாம் நேர். இதில் எங்களுக்குள் நடந்த சண்டைகளை எழுதினால் உங்களுக்கு இன்னொரு இணைப்பு வேண்டும்.

ஆகையால் நான் கேட்பது இதுதான். வருகிற மார்கழியில் கோலத்துக்குப் பக்கத்தில் வாரம் ஒரு நாளாவது ஒரு பின்னல் கட்டம் போடுங்கள். கட்டங்களைச் சதுரமாகப் போடாமல், அகலம் 7 மில்லிமீட்டர், உயரம் 5 மில்லிமீட்டர் என்று போட்டால், படத்தில் எப்படித் தெரிகிறதோ ஏறக்குறைய அப்படியே துணியில் வரும். எதிர்க்கண்ணிக்கு ஒரு புள்ளி, நேர்க்கண்ணிக்கு வெறும் கட்டம். புள்ளி வைப்பதை நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். செல்போனில் பின்னல் பாடம் தேடினால் இங்கிலீஷிலும் இந்தியிலும் கொட்டுகிறது. கே ரெண்டு, பி ரெண்டு என்று ஏதோ பஸ் நம்பர் மாதிரி சொல்கிறார்கள். டீச்சருடைய நேர், எதிர், ஏற்று, அடை என்ற நாலு வார்த்தையை வைத்துக்கொண்டே நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். பிடித்தால் அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் காசு கேட்க மாட்டார்கள். முதல் நாலு கட்டம் வீட்டுக்காரி வரைந்து வைத்திருக்கிறாள். வேண்டுமென்றால் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

அப்படியே அந்தப் பட்டியலை மறுபடி போடும்போது ஆண், பெண் என்ற நடுக்கோட்டை எடுத்துவிடுங்கள். ஆண்களில் பீடி சுற்றியவர்கள், வலை முடிந்தவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள் எல்லோருக்கும் விரல் பழகித்தான் இருக்கிறது. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் கறுப்பு நூலை மட்டும் வாங்க வேண்டாம். கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணுக்கும் செய்யாத கண்ணுக்கும் அதில் கண்ணி தெரியாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையை உதறிக்கொள்ளவும் வேண்டும். நான் முதல் வருஷம் அதைச் செய்யாமல் மணிக்கட்டு வலியோடு மூன்று வாரம் சும்மா இருந்தேன். கை மறுபடியும் பேப்பரைக் கிழிக்கத் தொடங்கிவிட்டது.

கடைசியாக, என் பெயரைப் போட வேண்டாம். கடிதத்தையும் இப்போது போட வேண்டாம். கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு டீச்சர் போர்த்திக்கொண்டு போக ஒரு பருத்திச் சால்வை பின்னிக்கொண்டிருக்கிறேன். அகலம் 100 கண்ணி, மொத்தம் 476 வரிசை, இரண்டு முனையிலும் வீட்டுக்காரியின் நட்சத்திரக் கோலம். 47,600 கண்ணி வருகிறது. ஒரு நாளைக்கு 900 டிக்கெட் கிழித்த காலத்துக் கணக்கில் ஏழரை வாரச் சர்வீஸ். நேற்று 452-ஆவது வரிசை வரை வந்துவிட்டேன். வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் 412-இல் ஒரு நட்சத்திரத்தின் கால் ஒரு கண்ணி தள்ளி நிற்கிறது. யாருக்கும் தெரியாது, விடுங்கள் என்றாள் வீட்டுக்காரி. டீச்சருக்குத் தெரியும். இன்று காலை 41 வரிசையைப் பிரித்துச் சுற்றி வைத்திருக்கிறேன்.

ஆகவே பண்டிகை கழிந்து, 26-ஆம் தேதிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் போடுங்கள். டீச்சர் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார். காலை ஆறரைக்குள் ஆசிரியருக்குக் கடிதங்கள் வரை படித்து முடித்துவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
பாளையங்கோட்டை.